வீட்டு வளவில் பனை வளர்ப்போம்

1990, 1991 ஆம் ஆண்டுகளில் ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, மண்டைதீவு, அல்லைப்பிட்டி முதலிய ஊர்களிலிருந்து எமது மக்கள் கையில் அகப்பட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். அவர்களிற் பலர் 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டு மறுபடியும் நடந்தார்கள். அல்லைப்பிட்டி மக்கள் 2006 ஆவணியில் இன்னொரு முறை ஊரைப் பிரிந்தார்கள். போர் 2009 வைகாசியில் முடிந்தது. அதன் பின்னர் ஊர் திரும்பியவர்கள் உண்டு. இன்னும் உறவினர் காணியிலும் வாடகை வளவிலும் இருப்பவர்களும் உண்டு.

திரும்பிச் சென்றவர்கள் சொல்லும் செய்தி பெரும்பாலும் ஒன்றுதான். வீட்டுக்குக் கூரை இல்லை. கிணறு தூர்ந்து கிடந்தது. வேலி இருந்த இடத்தில் பற்றை வளர்ந்திருந்தது. எங்கே எமது காணி முடிகிறது, எங்கே அயலவர் காணி தொடங்குகிறது என்று தெரியவில்லை. அப்போது எல்லையைக் காட்டி நின்றவை பனைகள். பாட்டன் காலத்தில் வரிசையாக வைத்த பனைகளைப் பார்த்து, "இதுதான் எங்கள் வளவு" என்று அடையாளம் கண்டவர்கள் அநேகர்.

ஆனால் பல பனைகள் தலையின்றி நின்றன. ஷெல் பட்டவை சில. காவலரண்களுக்காகத் தறிக்கப்பட்டவை பல. இந்த இழப்பை ஈடுசெய்ய இன்று நாம் கொட்டை போட்டால்தான் எமது பிள்ளைகளுக்குப் பனை உண்டு. ஆகவே இந்தப் பாடத்தில், வீட்டு வளவில் கொட்டையிலிருந்து பனை வளர்க்கும் முறையை ஒழுங்காகப் பார்ப்போம்.

பழமொழி சொல்வது சரியா?

"தென்னை வைத்தவன் தின்று சாவான், பனை வைத்தவன் பார்த்துச் சாவான்" என்பது நாம் எல்லோரும் கேட்ட பழமொழி. பனை பூப்பதற்கு 12 முதல் 20 ஆண்டுகள் வரை செல்லும். ஆகவே, "நாளைக்கு எங்கே இருப்போமோ தெரியாது, 15 வருடத்துக்குப் பிறகு காய்க்கும் மரத்தை ஏன் வைப்பான்?" என்று இடம்பெயர்ந்த ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்விதான்.

அந்தக் கேள்விக்கு எமது தாய்மாரின் பாத்தியிலேயே பதில் இருக்கிறது. ஆவணி, புரட்டாதியில் பாத்தி போட்டால் தை, மாசியில் கிழங்கு கிண்டலாம். பனை நட்டவருக்கு முதல் விளைச்சல் நாலைந்து மாதத்திலேயே வந்துவிடுகிறது. வைத்த கொட்டை எல்லாவற்றையும் கிழங்காகத் தின்றுவிட்டு மரத்துக்கென்று ஒன்றையும் விடாமல் இருந்தது மட்டுமே எமது பிழை. ஆகவே நாம் ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம்.

100 கொட்டைகளை எடுங்கள். 70 கொட்டைகளைப் பாத்தியில் போடுங்கள். அது இந்த வருடத்துச் சாப்பாடு. மிகுதி 30 கொட்டைகளை, குழிக்கு 3 வீதம், 10 குழிகளில் போடுங்கள். அது 10 பனைகள். தின்பதும் நடக்கும், பார்ப்பதும் நடக்கும்.

ஏன் பனை?

தீவுப்பகுதியின் நிலத்தை நாம் அறிவோம். மேலே ஒரு பிடி மண், கீழே சுண்ணாம்புக்கல். நெடுந்தீவில் வேலிக்குப் பதிலாக முருகைக்கல்லை அடுக்கி மதில் வைக்கும் அளவுக்குக் கல் உண்டு. மழை ஐப்பசி தொடக்கம் மார்கழி வரைதான் நம்பிக்கையாகப் பெய்யும். கோடையில் பல கிணறுகளின் தண்ணீர் உவர்ப்பாகிவிடும். சோளகக் காற்று இளம் பயிர்களைக் கருக்கிவிடும். இப்படிப்பட்ட இடத்தில், வாளியால் தண்ணீர் ஊற்றாமலே நின்று பிடிக்கக்கூடிய மரம் பனை.

புயலுக்கும் அது அசைந்து கொடுப்பதில்லை. 2018 கார்த்திகையில் தமிழ்நாட்டின் காவிரிக் கழிமுகப் பகுதியைக் கஜா புயல் தாக்கியபோது தென்னந்தோப்புகள் பெருமளவில் சாய்ந்தன. பனைகள் பெரும்பாலும் நின்றன. அதன் பின்னர் அங்கு பனை விதைப்பதில் மக்களுக்கு ஆர்வம் கூடியது. 2021 ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு 76 இலட்சம் பனை விதைகளைக் கொடுக்கும் திட்டம் ஒன்றை அறிவித்தது.

பனையின் பயன்களை 801 என்று எண்ணிப் பாடிய "தால விலாசம்" என்னும் நூல் எமது முன்னோரிடம் இருந்தது. 1850 ஆம் ஆண்டில் வில்லியம் பெர்குசன் என்பவர் பனையைப் பற்றிக் கொழும்பில் வெளியிட்ட ஆங்கில நூலிலும் அதைக் குறிப்பிட்டார். 1978 ஆம் ஆண்டில் பனை அபிவிருத்திச் சபை ஏற்படுத்தப்பட்டது. ஆயினும் ஒரு சபையோ ஒரு திட்டமோ எமது வளவுக்குள் வந்து கொட்டை போடும் என்று நாம் காத்திருக்க வேண்டியதில்லை. இதற்குக் காசு தேவையில்லை. ஒரு கடகமும் மண்வெட்டியும் போதும்.

1. கொட்டையைத் தெரிவு செய்தல்

பனம்பழம் ஆவணி, புரட்டாதியில் விழும். ஒரு பழத்தில் 1 முதல் 3 கொட்டைகள் இருக்கும். தானாக விழுந்த பழத்தின் கொட்டையே முளைப்புக்கு நல்லது. முற்ற முன் வெட்டி இறக்கியதை எடுக்கவேண்டாம்.

மரத்துக்கென்று வைக்கும் கொட்டைகளைச் சற்றுக் கவனமாகத் தெரிவு செய்யுங்கள்:

- நன்றாகக் காய்க்கிற, களி கூடிய, இனிப்பான பழம் தருகிற தாய்மரத்தைப் பாருங்கள்.
- ஒரே மரத்திலிருந்து எல்லாவற்றையும் எடுக்காமல் நாலைந்து மரங்களிலிருந்து எடுங்கள்.
- கையில் எடுத்தால் பாரமாக இருக்கவேண்டும். இலேசான கொட்டை, வண்டு துளைத்த கொட்டை வேண்டாம்.
- பனாட்டுக்குக் களி பிழிந்த கொட்டை முளைக்கும். தீயில் சுட்ட பழத்தின் கொட்டையை நம்பி மரத்துக்கு வைக்கவேண்டாம்.
- போன வருடத்துக் காய்ந்த கொட்டையை விட்டுவிட்டு இந்த வருடத்துக் கொட்டையையே எடுங்கள்.

எடுத்தவற்றை மரநிழலில் குவித்து, மேலே காவோலை போட்டு, இடைக்கிடை தண்ணீர் தெளித்து வாருங்கள். சில வாரங்களில் ஒவ்வொரு கொட்டையிலிருந்தும் வெள்ளை முளை தலைகாட்டும். அப்படி முளை கண்டவற்றை எடுத்து வைத்தால், எந்தப் பக்கம் கீழே வரவேண்டும் என்ற சந்தேகமே இராது. முளை ஒடியாமல் எடுக்கவேண்டும். ஒடிந்தால் அந்தக் கொட்டை பயனில்லை.

2. கொட்டைக்குள் நடப்பது என்ன?

இதை விளங்கிக்கொண்டால் மற்ற எல்லாம் இலகுவாகிவிடும். பயறு, கடலை போன்றவை முளைக்கும்போது வேர் கீழேயும் குருத்து மேலேயும் போவதைக் கண்டிருக்கிறோம். பனை அப்படிச் செய்வதில்லை. கொட்டையிலிருந்து வரும் குழல் போன்ற முளை, குருத்தையும் தனக்குள்ளே வைத்துக்கொண்டு நேரே கீழே இறங்குகிறது. நிலத்துக்குள் போதிய ஆழம் போன பிறகே வேர் விடுகிறது. அதன் பிறகுதான் குருத்து மேல்நோக்கித் திரும்புகிறது. கொட்டைக்குள் இருக்கும் பருப்பைக் கரைத்து உறிஞ்சிக் கீழே அனுப்புவது பூரான். பிள்ளைகள் கொட்டையைப் பிளந்து ஆசையோடு தின்பதும் அந்தப் பூரானைத்தான். அப்படி அனுப்பிய உணவு சேர்ந்து பருத்திருப்பது கிழங்கு. உள்ளிருந்த உணவு முழுவதும் இறங்கியதும் மிஞ்சுவது வெறும் ஊமல்.

பனை தன் பிள்ளையை முதலில் ஆழத்தில் கொண்டுபோய் வைத்து, தேவையான உணவையும் கட்டிக்கொடுத்து, அதன் பின்பே வெளியே விடுகிறது. கோடையும் நெருப்பும் மாடும் மேலே என்ன செய்தாலும் உயிர் கீழே பத்திரமாக இருக்கும். தீவு நிலத்தில் பனை தப்பிப் பிழைத்ததன் இரகசியம் இதுதான்.

3. பாத்தி போடும் முறை (70 கொட்டை)

தண்ணீர் தேங்காத இடத்தில் 4 அடி நீளமும் 2 அடி அகலமும் உள்ள நிலத்தை அளந்துகொள்ளுங்கள். ஓர் அடி ஆழத்துக்குக் கொத்திக் கல்லைப் பொறுக்குங்கள். அதற்கு மேல் மணலும் புழுதியும் இட்டு இன்னும் ஓர் அடி உயர்த்துங்கள். கல் கிடந்தால் கிழங்கு வளைந்து போகும், கவர்விடும். மண் எவ்வளவு பொருபொருப்பாக இருக்கிறதோ அவ்வளவுக்குக் கிழங்கு நேராக இறங்கும்.

கொட்டைகளை ஒன்றோடொன்று முட்டும்படி ஒரே அடுக்காக அடுக்குங்கள். முளை கீழ்நோக்கி இருக்கட்டும். முளை காணாத கொட்டையானால் படுக்கையாக வையுங்கள். மேலே நாலு விரற்கடை மண் போட்டு, காவோலையால் மூடுங்கள். மாரி தொடங்கும் வரை வாரத்தில் இரண்டு முறை தண்ணீர் தெளித்தாற் போதும்.

தை பிறந்ததும் ஓரத்தில் ஒன்றைக் கிண்டிப் பாருங்கள். கிழங்கு பருத்து உறுதியாக இருந்தால் மற்றவற்றையும் கிண்டலாம். முதல் ஓலையாகிய பீலி வெளியே வந்து விரிந்துவிட்டால் கிழங்கு தும்பாகிவிடும். ஆகவே பிந்தவேண்டாம். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். அவிக்காமல் கீறிக் காயவைத்தால் ஒடியல். ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவைத்து மேல்நீரை வடித்து ஊற்றிய பின்பே கூழுக்கும் பிட்டுக்கும் எடுக்கவேண்டும். அம்மாமார் செய்துவந்த இந்த முறையை அவசரத்தில் விட்டுவிடாதீர்கள். கைப்பு மட்டுமன்றி உடம்புக்கு ஒவ்வாததும் அதனால் நீங்கும். நன்றாக வேகவைப்பதும் அவசியம்.

4. மரத்துக்கான குழி (30 கொட்டை)

முதலில் இடத்தைத் தீர்மானியுங்கள். கிணற்றுக்கும் வீட்டுச் சுவருக்கும் அருகில் வேண்டாம். மாரியில் கடல்நீர் ஏறி நிற்கும் உவர்த்தரையும் வேண்டாம். வளர்ந்த பனை ஓரளவு உவரைத் தாங்கும், ஆனால் இளம் முளை தாங்காது. வளவின் எல்லையே சிறந்த இடம். உள்ளே வைப்பதானால் மரத்துக்கு மரம் 10 அடி விடுங்கள். எல்லை வரிசையில் 6 அடி விட்டாலும் போதும். எல்லையில் வைக்க முன் அயலவரையும் அழைத்துக் கயிறு பிடித்துப் பாருங்கள். இன்று கூடிநின்று போட்ட கொட்டை நாளைய வழக்கைத் தவிர்க்கும்.

நீண்டகாலம் ஆட்கள் இல்லாதிருந்த காணியில் மண்வெட்டி வைக்க முன் ஒரு கண்டிப்பான சொல்: அறியாத இரும்புப் பொருள் எதுவும் தென்பட்டால் தொடாமல், பிள்ளைகளையும் விலக்கி, கிராம அலுவலருக்கு அறிவியுங்கள்.

குழி ஓர் அடி அகலமும் ஓர் அடி ஆழமும் இருக்கட்டும். அடியில் கல் தட்டினால் அலவாங்கால் குத்தி ஒரு வெடிப்பையாவது உண்டாக்குங்கள். அந்த வழியே வேர் இறங்கும். மேல்மண்ணோடு மக்கிய மாட்டெரு அல்லது ஆட்டுப்புழுக்கை கலந்து நிரப்புங்கள். குழிக்கு 3 கொட்டைகளை ஒரு சாண் இடைவெளியில் வைத்து, மேலே நாலு அங்குல மண் போடுங்கள். மாரி மழைக்கு முன் இந்த வேலை முடியவேண்டும். ஒவ்வொரு குழிக்கும் அருகில் ஒரு கதியாலை ஊன்றி அடையாளம் வையுங்கள். கொட்டை போட்ட இடத்தை மறந்து மிதிப்பதுதான் முதலாம் வருடத்தின் பெரிய ஆபத்து.

5. பையில் வளர்த்து நடலாமா?

வேம்பையும் புளியையும் வளர்ப்பது போலப் பனையையும் பொலித்தீன் பையில் வளர்த்துப் பின்னர் நடலாம் என்று நாமும் ஒருமுறை எண்ணினோம். சிறிய பைகளில் கொட்டை வைத்தோம். முளை பையின் அடியைத் துளைத்துக்கொண்டு நிலத்துக்குள் போய்விட்டது. தூக்கியபோது அறுந்தது. ஒன்றும் பிழைக்கவில்லை. பிழை எம்முடையது. மேலே சொன்னபடி, பனை முதலில் ஆழத்தைத் தேடுகிற மரம். மிக நீளமான பைகளில் கவனத்தோடு செய்பவர்கள் உண்டு. வீட்டளவில் செய்கிற எமக்குக் கொட்டையை நேரே நிலத்தில் போடுவதே சரி.

அதனால் ஒரு பாடம் கற்றோம். பனை மரத்தைக் காவ முடியாது, பனங்கன்றையும் காவ முடியாது. ஆனால் பனங்கொட்டையைக் காவலாம். முளைவிட முன் ஒரு சாக்கில் கட்டினால், குறிகட்டுவான் துறையில் ஏற்றி நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ கொண்டுபோகலாம்.

6. முதல் ஐந்து வருடங்கள்

பீலி சில குழிகளில் மாரி முடிய முன்னரே வரும். சிலவற்றில் பல மாதம் செல்லும். ஒன்றும் வெளியே தெரியவில்லை என்று கிண்டிப் பார்க்கவேண்டாம். கீழே வேலை நடந்துகொண்டிருக்கும். இரண்டாம், மூன்றாம் வருடத்தில் ஓலை விசிறி போல விரியத் தொடங்கும். பின்னர் அது வடலி. வடலி பல வருடம் தரையோடு நின்றே அடியைப் பருப்பிக்கும். அதன் பிறகே தண்டு உயரும். "வளரவில்லை" என்று அந்தக் காலத்தில் வெட்டிவிடுபவர்கள் பலர்.

கவனிக்கவேண்டியவை:

- ஆடு, மாடு. நெடுந்தீவிலானால் குதிரைகளும். காவோலைக் கருக்கு மட்டைகளைச் சுற்றி நட்டு மறைப்புக் கட்டுங்கள்.
- நெருப்பு. பற்றை எரிப்பதற்கு முன் வடலியைச் சுற்றி நாலடிக்குப் புல்லைச் செருக்கி விடுங்கள்.
- முதல் இரண்டு கோடையில் மட்டும், இயலுமானால் வாரம் ஒருமுறை ஒரு வாளி தண்ணீர். பாத்திரம் கழுவிய நீரும் போதும்.
- மூன்றாம் வருடம் குழிக்கு ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றை எடுத்துவிடுங்கள்.
- குருத்து. இதுவே எல்லாவற்றிலும் முக்கியம்.

வேம்பை வெட்டினால் அடியிலிருந்து துளிர்க்கும். பூவரசும் அப்படியே. பனைக்கு உச்சியில் ஒரே ஒரு குருத்துத்தான். அது போனால் மரம் போனது. ஷெல்லால் தலை இழந்த பனைகள் திரும்பத் துளிர்க்காமல் பட்டுப்போனது இதனாலேயே. ஆகவே இளம் வடலியில் பாய்க்கும் பெட்டிக்கும் குருத்தோலை வெட்டவேண்டாம். வளர்ந்த மரத்திலும் அளவாகவே எடுங்கள்.

10 பனைகளில் ஏறத்தாழப் பாதி ஆணாகவும் பாதி பெண்ணாகவும் வரும் என்று எதிர்பார்க்கலாம். எது எது என்று பூக்கும் வரை தெரியாது. ஆண்பனை வீண் அல்ல. அது இல்லாவிட்டால் பெண்பனையில் முளைக்கக்கூடிய கொட்டை இல்லை. பாளையில் பதநீர் இரண்டும் தரும். பெண்பனையைத் தறிப்பதற்குச் சட்டப்படி அனுமதி பெறவேண்டும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

7. பிறர் காணியில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

"எங்களுக்குக் காணியே கையில் இல்லை, நாங்கள் எங்கே குழி வெட்ட?" என்று கேட்பவர்களுக்கு மூன்று வழிகளைச் சொல்கிறோம்.

முதலாவது, பாத்தி. காணிக்காரரின் சம்மதத்தோடு 4 அடிக்கு 2 அடி நிலம் கேட்பது பெரிய கேள்வி அல்ல. நாலைந்து மாதத்தில் கிழங்கைக் கிண்டி நிலத்தை அப்படியே திருப்பிக் கொடுக்கலாம். கிழங்கில் ஒரு பங்கு கொடுப்பதென்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

இரண்டாவது, பொது இடம். குளக்கரை, வீதியோரம், பாடசாலை, கோயில், சுடலை ஆகிய இடங்களின் ஓரங்களில், பொறுப்பானவர்களிடம் கேட்டுக் கொட்டை போடலாம். அந்த மரம் உங்களுக்குச் சொந்தமில்லை. ஆனால் உங்கள் பிள்ளைகள் அங்கே நுங்கு குடிக்கக்கூடும்.

மூன்றாவது, காவக்கூடிய கன்று. வேப்பம்பழம் ஆனி, ஆடியில் விழும். சதையைக் கழுவி நிழலில் உலர்த்தி இரண்டு கிழமைக்குள் பையில் போடுங்கள். வேப்பங்கொட்டையின் உயிர் விரைவில் போய்விடும், வைத்திருந்து போடமுடியாது. புளியங்கொட்டை நெடுநாள் இருக்கும், ஓரிரவு தண்ணீரில் ஊறவைத்துப் போடலாம். பால் பை, அரிசிப் பை, சிரட்டை எதுவும் போதும். அடியில் துளை இருந்தால் சரி. ஊர் திரும்பும் நாளில் சட்டி பானையோடு இந்தக் கன்றுகளும் லொறியில் ஏறட்டும்.

ஒரு முடிவான சொல்

எமது மக்களிற் பலர் ஒரு வாழ்நாளில் மூன்று முறை, நாலு முறை வீடு கட்டியிருக்கிறார்கள். இன்னொரு முறை வேரூன்றச் சொல்வது இலகுவான பேச்சல்ல என்பதை நாம் அறிவோம். ஆனாலும் திரும்பிப் போன நாளில் எல்லையைக் காட்டி நின்ற அந்தப் பனைகளை வைத்தவர்கள் யார்? அவர்களும் பஞ்சமும் கொள்ளைநோயும் கண்டவர்கள். தின்பதற்கு வைத்ததில் சிலவற்றை மண்ணில் விட்டுப் போனார்கள். நாமும் அந்தச் சிலவற்றை விட்டுவைப்போம்.

குடும்பமாகவும் குழுவாகவும் கலந்து பேசுவதற்கு

1. எமது வளவில் முன்பு எத்தனை பனைகள் நின்றன? இன்று எத்தனை நிற்கின்றன? வயதானவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.
2. எமது ஊரில் நல்ல பழம் தரும் தாய்மரங்கள் எவை? ஆவணிக்கு முன் அவற்றுக்கு அடையாளம் இடுவது யார்?
3. காணி உள்ளவரும் காணி இல்லாதவரும் சேர்ந்து ஒரு பாத்தி போடுவதானால் பங்கை எப்படிப் பிரிப்போம்?
4. எமது பிள்ளைகளில் எத்தனை பேருக்குப் பாத்தி போடவும் கிழங்கு கிண்டவும் தெரியும்? இந்தத் தை மாதம் அவர்களுக்குக் காட்டிக்கொடுப்பது யார்?

செய்து பார்க்க: இந்த ஆவணியில் 100 கொட்டை சேருங்கள். 70 பாத்திக்கு, 30 குழிக்கு. போட்ட நாளையும் குழிகளின் இடத்தையும் ஒரு கொப்பியில் எழுதி, காணி உறுதியோடு சேர்த்து வையுங்கள்.